ஜெர்மனியில் ‘ஃபீஸ் இல்லாத’ படிப்பு: 13-வது மாதத்துக்குக் கணக்குப் போட்டாச்சா?

‘ஜெர்மனில படிச்சா ஃபீஸே கிடையாதாம்லா!’

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் இன்ஜினீயரிங் முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் வெளிநாட்டுப் படிப்பு பற்றிப் பேச்செடுத்தால் இந்த வரியும் வந்துவிடும். பெரும்பகுதி உண்மைதான். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடமும் டியூஷன் ஃபீஸ் வாங்குவதில்லை.

ஆனால் அறை வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எதுவும் இலவசம் இல்லை. முதல் 12 மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் விசா கிடைக்கும். மாஸ்டர்ஸ் படிப்போ இரண்டு வருஷம். 13-வது மாதச் செலவுக்கு என்ன வழி என்று விசா கொடுக்கும்போது பெரிதாக யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் பலர் கேட்பதில்லை. ‘பார்ட் டைம் வேலை பாத்துக்கலாம்’ என்ற ஒற்றை வரியில் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

அந்த வரி எவ்வளவு தூரம் தாங்கும்? ஒரு மாணவரின் அன்றாடத்தை ரூபாயிலும் யூரோவிலும் மணி நேரத்திலும் பிரித்துப் பார்ப்போம்.

எத்தனை பேர் போகிறார்கள்?

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் இப்போது முதலிடம். 2023-24 குளிர்கால செமஸ்டரில் 49,000-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் அங்கே இருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த எண்ணிக்கை 60,000-ஐ நெருங்கியது. பெரும்பாலானோர் இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற துறைகளில் மாஸ்டர்ஸ் படிக்கிறவர்கள்.

பிளஸ் டூ முடித்த கையோடு போவது அவ்வளவு சுலபம் இல்லை. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சியோ, இங்கே கல்லூரியில் ஓராண்டுப் படிப்போ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘ஸ்டூடியன்கொலெக்’ எனப்படும் ஆயத்தப் படிப்பை அங்கே முடிக்க வேண்டும்.

எது இலவசம், எது இல்லை?

அரசுப் பல்கலைக்கழகங்களில் ‘செமஸ்டர் கட்டணம்’ என்று ஒன்று உண்டு. மாணவர் நலச் சேவைகளுக்கான இந்தக் கட்டணம் பொதுவாக 150 முதல் 400 யூரோ வரை இருக்கும். பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் இதிலேயே அடங்கிவிடும்.

‘ஃபீஸே இல்லை’ என்பதற்கு விதிவிலக்குகளும் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடெல்பெர்க் ஆகிய ஊர்கள் இருக்கும் பாடன்-வுட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 முதல் ஃபீஸ் வாங்கத் தொடங்கிவிட்டது. அங்கே மாஸ்டர்ஸுக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ.

தனியார் பல்கலைக்கழகங்கள் தனிக் கதை. ஆண்டுக்கு 10,000 யூரோவுக்கு மேல் வாங்கும் இடங்கள் உண்டு. ‘ஈஸியா அட்மிஷன் வாங்கித் தர்றோம்’ என்று ஏஜென்ட் சொன்னால், அது அரசுப் பல்கலைக்கழகமா தனியாரா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஜெர்மன் அரசின் ‘அனாபின்’ தளத்தில் அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர ஏஜென்ட் தேவையே இல்லை. நேரடியாகவோ ‘யூனி-அசிஸ்ட்’ தளம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். யூனி-அசிஸ்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்தவற்றுக்குத் தலா 30 யூரோ.

நம்ம சிஜிபிஏ அங்கே எவ்வளவு?

ஜெர்மனியில் 1.0-தான் உச்ச மதிப்பெண். 4.0 என்றால் ‘ஜஸ்ட் பாஸ்’. இங்கே 10-க்கு 8 சிஜிபிஏ, பாஸ் மதிப்பு 5 என்று வைத்துக்கொள்வோம். உச்ச மதிப்பிலிருந்து எட்டைக் கழித்தால் 2. அதை மூன்றால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் 2.2. பல மாஸ்டர்ஸ் படிப்புகள் 2.5 அல்லது அதற்கும் மேம்பட்ட மதிப்பைக் கேட்கின்றன. அதாவது இங்கே சுமார் 7.5 சிஜிபிஏ.

கிளம்பும் முன்: டெல்லிக்கு கூரியர், சென்னைக்குப் பொதிகை

2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ‘ஏபிஎஸ்’ சான்றிதழ் கட்டாயம். மார்க் ஷீட், டிகிரி எல்லாம் உண்மைதானா என்று சரிபார்த்துத் தரும் சான்றிதழ் இது. விண்ணப்பம் டெல்லிக்குப் போக வேண்டும். கட்டணம் 18,000 ரூபாய்.

விசா வேலைக்குச் சென்னை. செங்கோட்டையில் மாலை பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. ஒரு பேப்பர் குறைந்தாலும் இன்னொரு முறை 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஜெர்மன் மொழி வகுப்புக்குச் சென்னை மேக்ஸ் முல்லர் பவனை விட, மலைக்கு அந்தப் பக்கம் சுமார் 100 கிலோமீட்டரில் திருவனந்தபுரத்தில் இருக்கும் கோத்தே மையம் பக்கம்.

விசா மறுக்கப்பட்டால் முன்பு தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி நிறுத்தப்பட்டுவிட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது ஜெர்மனியில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முதல் விண்ணப்பமே பிழையில்லாமல் இருப்பது முன்பைவிட இப்போது முக்கியம்.

11,904 யூரோ: ஃபீஸா, டெபாசிட்டா?

‘பிளாக்ட் அக்கவுன்ட்’ என்ற சொல்லைக் கேட்டதும் பலர் அதை ஒரு கட்டணம் என்று நினைக்கிறார்கள். அது மாணவருடைய சொந்தப் பணம்தான். ஓராண்டுச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். ஜெர்மனி போனபின் அதிலிருந்து மாதாமாதம் 992 யூரோ கைக்கு வரும். 2024 செப்டம்பர் முதல் இதன் அளவு 11,904 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம்.

கல்விக் கடனில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரைதான் சொத்து அடமானம் தேவையில்லை. அதைத் தாண்டினால் வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ வங்கிக்குப் போகும். தவணை கட்டுவது படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகுதான் என்றாலும், வட்டி முதல் நாளே ஓடத் தொடங்கிவிடும். 15 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் ஓராண்டு வட்டி மட்டும் 1.65 லட்சம்.

முதல் இரண்டு வாரம்

வீடு கிடைத்துக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பெயர் ‘அன்மெல்டுங்’. வீட்டு ஓனர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் இது நடக்காது. வருமான வரி எண், தங்கும் அனுமதி எல்லாம் இந்தப் பதிவைத் தொட்டுத்தான் வரும்.

அதனால்தான் அறை தேடுவது மிகப் பெரிய தலைவலி. பல்கலைக்கழக விடுதிகளை நடத்தும் மாணவர் நல அமைப்பில் வாடகை குறைவு. ஆனால் பெரிய நகரங்களில் ஒன்றிரண்டு செமஸ்டர்கூடக் காத்திருக்க வேண்டி வரும். அட்மிஷன் கடிதம் வருவதற்கு முன்பே அங்கே பெயரைப் பதிந்துவைப்பது நல்லது. இந்த அவசரத்தைப் பயன்படுத்தும் மோசடிக்காரர்களும் உண்டு. ‘வெளியூரில் இருக்கிறேன், பணத்தை அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று மெசேஜ் வந்தால் அது அநேகமாக மோசடிதான்.

வாடகை அட்வான்ஸாக மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. 350 யூரோ அறை என்றாலே அட்வான்ஸ் 1,050, முதல் மாத வாடகை 350, ஆக 1,400 யூரோ. பிளாக்ட் அக்கவுன்டிலிருந்து வருவதோ 992. அதனால் கையில் தனியாக 1,500 முதல் 2,000 யூரோவாவது வைத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டும்.

இன்னொரு விஷயம், தபால். அங்கே வங்கி, இன்ஷூரன்ஸ், அரசு அலுவலகம் எல்லாமே இன்னும் கடிதம் அனுப்புகின்றன. தபால் பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். ஜெர்மனில் இருக்கிறதே என்று பிரிக்காமல் போட்டால் அபராதம் சேரும்.

ஒரு மாதச் செலவு: ஒரு மாதிரிக் கணக்கு

கெம்னிட்ஸ் போன்ற வாடகை குறைந்த கிழக்கு ஜெர்மன் நகரத்தில், பலர் சேர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம்.

• அறை வாடகை: 350 யூரோ
• மருத்துவ இன்ஷூரன்ஸ்: சுமார் 150
• சாப்பாடு: 200
• செமஸ்டர் கட்டணம், மாதக் கணக்கில்: 50
• போன், இன்டர்நெட்: 20
• ரேடியோ-டிவி கட்டணம்: 6
• துணிமணி, புத்தகம், இதர செலவு: 80

மொத்தம் 856 யூரோ. 992-ல் 136 மிச்சம்.

இதே பட்டியலை மியூனிக்குக்குப் போட்டால் வாடகை மட்டும் 750 ஆகிவிடும். மொத்தம் 1,256. மாதம் 264 யூரோ துண்டு விழும். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கும்போது ஊரின் வாடகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ரேடியோ-டிவி கட்டணம் பலருக்குப் புதுசாக இருக்கும். டிவி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. மூன்று பேர் இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

வகுப்புக்குப் போகாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்

பெரும்பாலான வகுப்புகளில் வருகைப் பதிவு கிடையாது. இன்டர்னல் மார்க்கும் பெரும்பாலும் இருக்காது. செமஸ்டர் கடைசியில் வரும் ஒரே தேர்வுதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். அந்தத் தேர்வுக்கும் குறித்த தேதிக்குள் மாணவரே பதிவு செய்திருக்க வேண்டும்.

இங்கே ‘அரியர்’ என்றால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்ற தெம்பு இருக்கும். அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கப்படுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடரவும் முடியாமல் போகும். படிப்புக்காகத் தரப்பட்ட தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும்.

குற்றாலத்தில் சாரல் கட்டும் ஜூலையில்தான் அங்கே கோடை செமஸ்டர் தேர்வுகள். குளிர்கால செமஸ்டர் தேர்வு பிப்ரவரியில். அதனால் சீசனுக்கு ஊருக்கு வருவதும் பொங்கலுக்கு வருவதும் பெரும்பாலும் நடக்காது.

பார்ட் டைம்: மணி நேரக் கணக்கு

2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். வகுப்பு நடக்கும் காலத்தில் பொதுவாக வாரம் 20 மணி நேரம்தான் எல்லை. பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராகப் பார்க்கும் ‘ஹீவி’ வேலை இந்த நாள் கணக்கில் வராது. படிப்புக்கும் அது துணை.

2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் 10 மணி நேரம் பார்த்தால் மாதம் சுமார் 600. வாரம் 20 மணி நேரம் என்றால் பிடித்தத்துக்கு முன் சுமார் 1,200. கெம்னிட்ஸ் கணக்குக்கு இது போதும்.

ஆனால் படிப்பின் மணி நேரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்பது ஜெர்மன் கணக்கு. ஆண்டுக்கு 1,800 மணி நேரம், 46 வாரத்தில் பிரித்தால் வாரம் 39 மணி நேரம். அதோடு 20 மணி நேர வேலையைச் சேர்த்தால் 59. சமையல், துணி துவைப்பது, அலுவலகக் கடிதங்கள், மொழி வகுப்பு எல்லாம் அதற்கு மேல். கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து வந்து காலை வகுப்பில் உட்காரும் மாணவருக்கு முதலில் போவது தூக்கம், அடுத்து மார்க்.

அதனால்தான் நான்கு செமஸ்டர் படிப்பு ஐந்து, ஆறு என்று நீள்வது அங்கே சகஜம். ஒரு செமஸ்டர் கூடினால் செலவு மாதம் 992 வீதம் கிட்டத்தட்ட 6,000 யூரோ, அதாவது 6 லட்சம் ரூபாய்.

சோறு, ஞாயிறு, சத்தம்

பல்கலைக்கழக கேன்டீனுக்குப் பெயர் ‘மென்சா’. மாணவர் அட்டை இருந்தால் 3 முதல் 5 யூரோவுக்கு மதியச் சாப்பாடு கிடைக்கும். இரவுக்குப் பெரும்பாலும் சொந்தச் சமையல்தான். சாம்பார் பொடி, புளி, அரிசி வாங்க பல நகரங்களில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. 1980-கள் முதல் போரால் இலங்கையை விட்டு வந்த ஈழத் தமிழர்கள் கட்டி எழுப்பியவை அவை. ஹாம் நகரில் 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயிலும் அவர்கள் எழுப்பியதுதான். அதன் தேர்த் திருவிழாவுக்கு ஜெர்மனியின் பல ஊர்களிலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள்.

பெட்டி கட்டும்போது ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுபோகக் கூடாது. அம்மா காய்ச்சிய நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இதில் சேரும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கிவைக்காவிட்டால் மறுநாள் திண்டாட்டம்தான். இரவு 10 மணி முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. குப்பையை வகை பிரித்துத்தான் போட வேண்டும். காலி தண்ணீர் பாட்டிலைக் குப்பையில் போடாமல் கடை மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

டிசம்பரில் பெர்லினில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் நம் நேரத்துக்கும் அங்கத்திய நேரத்துக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். செங்கோட்டையில் இரவு ஒன்பதரைக்கு ‘எய்யா, சாப்பிட்டியா?’ என்று அம்மா கேட்கும்போது அங்கே மாலை 5 மணி, வெளியே கும்மிருட்டு. இந்த மாதங்களில் மனம் சோர்ந்துபோவது பலருக்கும் நடப்பது. மாணவர் நல அமைப்புகள் நடத்தும் உளவியல் ஆலோசனை பெரும்பாலும் இலவசம். அவசர உதவிக்கு 112, இரவு நேர மருத்துவருக்கு 116117.

‘இங்கிலீஷ் போதும்லா?’

வகுப்புக்குப் போதும். பல மாஸ்டர்ஸ் படிப்புகள் முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. வேலைக்குப் போதாது.

செங்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது. புளியரை தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். இந்த வட்டாரத்துக் காய்கறி லோடு ஏற்றி அந்தப் பக்கம் போகிறவர்கள் நாலு வார்த்தை மலையாளம் பேசித்தான் வியாபாரம் முடிக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு ஹோட்டல் வேலைக்கோ பேக்கரி வேலைக்கோ இதே கதைதான். மொழி தெரியாதவருக்கு மிஞ்சுவது கிடங்கு, டெலிவரி போன்ற வேலைகள். அதற்கும் போட்டி அதிகம்.

படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டு. அந்த 18 மாதத்தில் நல்ல வேலை கிடைக்க பி1, பி2 அளவு ஜெர்மன் பெரிய பலம். அங்கே போய்ப் படிக்கலாம் என்று தள்ளிப்போட்டால், வாரம் 59 மணி நேரக் கணக்குக்குள் அதற்கு இடம் இருக்காது. ஏ2 வரையாவது ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது மேல்.

13-வது மாதம்

12-வது மாதத்தோடு பிளாக்ட் அக்கவுன்ட் காலி. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது, அடுத்த காலத்துக்கான செலவுக்கு என்ன வழி என்று வெளிநாட்டினர் அலுவலகம் மறுபடி கேட்கும். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, கல்வி உதவித்தொகை, அல்லது மீண்டும் பணம் நிரப்பிய பிளாக்ட் அக்கவுன்ட் காட்ட வேண்டும். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு மாதம் 300 யூரோ தரும் ‘டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம்’ உண்டு. அது துணைக்குத்தான் ஆகும், முழுச் செலவுக்கு ஆகாது.

வேலை கிடைக்காதவர் என்ன செய்வார்? வீட்டுக்குத்தான் போன் வரும். முதல் வருஷத்துக்கே பத்திரத்தை வங்கியில் வைத்த குடும்பம் அப்போது 12 லட்சத்துக்கு எங்கே போகும்? கைமாற்று, நகைக் கடன், கந்து வட்டி என்று போனால், மகனோ மகளோ அனுப்பப்போகும் முதல் சம்பளம் வட்டிக்கே போய்ச் சேரும்.

எல்லாருக்கும் இப்படி ஆகிவிடுவதில்லை. ஒழுங்காகத் திட்டமிட்டுப் போனவர்கள் படித்து முடித்து, நல்ல வேலையில் சேர்ந்து, கடனை அடைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படித் திட்டமிட இரண்டு வருஷக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியவை

1. பல்கலைக்கழகம் அரசா, தனியாரா? டியூஷன் ஃபீஸ் உண்டா?
2. அந்த ஊரில் ஓர் அறைக்கு வாடகை எவ்வளவு? விடுதிக்குப் பெயர் பதிந்தாச்சா?
3. பிளாக்ட் அக்கவுன்ட் போக, கையில் 2,000 யூரோ இருக்கிறதா?
4. வேலையே கிடைக்காவிட்டால் இரண்டாம் வருஷத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? முழுத் தொகை இல்லாவிட்டாலும், ஆறு மாதத்துக்காவது வழி உண்டா?
5. படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால் அந்த 6 லட்சத்துக்கு என்ன ஏற்பாடு?
6. கிளம்பும் தேதிக்குள் ஜெர்மன் எந்த அளவு முடிந்திருக்கும்?

இதில் நாலாவது கேள்விக்கு ‘அங்க போய்ப் பாத்துக்கலாம்’ என்பதுதான் பதில் என்றால், ஓராண்டு தள்ளிப்போடுவதில் தப்பில்லை. இங்கே ஒரு வேலையில் இருந்து கொஞ்சம் சேமித்து, பி1 வரை ஜெர்மன் முடித்து, அடுத்த அக்டோபரில் போகலாம். ஒரு வருஷம் தாமதமானாலும் அடமானத்துக்குப் போகும் கடன் குறையும், இறங்கியதும் வேலை தேட மொழி கையில் இருக்கும்.